சாம்பல் தூவிய கூரை

வாட்ச்மேன் என்றதும் காக்கிச் சட்டையும் கையில் தடியுமாக நிற்கிற ஆளை நினைத்துவிடாதீர்கள். இந்த வாட்ச்மேனுக்கு வயது பத்து. இரட்டைச் சடை. முன்பல் ஒன்று மட்டும் கொஞ்சம் முந்திக்கொண்டு எட்டிப் பார்க்கும்.

பள்ளிக்கூடத்தில் கைகழுவும் இடத்தில் ஆறு குழாய்கள் உண்டு. மணி அடித்ததும் எல்லாரும் வகுப்புக்கு ஓடுவார்கள். அவள் மட்டும் ஆறையும் ஒவ்வொன்றாக இறுக்கித் திருகிவிட்டுத்தான் போவாள். அதைப் பார்த்து அறிவியல் ஆசிரியர் வைத்த பெயர் அது. வீடு, தெரு எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டது.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. அந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி நான்கு நாளைக்கு ஒருமுறைதான் வரும். அரை மணி நேரம் நிற்கும். அதற்குள் பிடித்தால்தான் உண்டு. நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு பத்து நடை நடந்தால், பதினோராவது நடையில் கை மரத்துப்போகும். அப்படி வந்த தண்ணீர் வீணாகச் சொட்டினால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அதிலும் அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். அப்பா முன்பு லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். முதுகு கைவிட்ட பிறகு, ஒரு மருத்துவமனையின் படுக்கை விரிப்புகளை வீட்டிலேயே துவைத்துக் கொடுக்கிறார். குனிய முடியாது என்பதால் அவருக்காக அம்மா மார்பளவு உயரத்தில் ஒரு துவைகல் மேடை கட்டிக் கொடுத்திருக்கிறாள். அம்மாவுக்குக் கட்டட வேலை. கலவை போடுவாள், கல் அடுக்குவாள்.

"நான் ஊருக்கெல்லாம் வீடு கட்டுறேன். இவரு ஊருக்கெல்லாம் படுக்கை விரிக்கிறாரு" என்பாள் அம்மா.

மழைத் தண்ணீரைப் பிடிக்கலாம் என்று யோசனை சொன்னது சித்தி. அம்மாவின் தங்கை. ஏழு வருடம் துணி தைக்கும் ஆலையில் உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துப்போய், வேலையை விட்டுவிட்டு, குழாய் வேலை கற்றுக்கொண்டிருந்தாள். இதுதான் அவள் தனியாகச் செய்யும் முதல் வேலை. தொட்டியை அம்மா கட்டினாள். இடுப்பளவு உயரம், மேலே மூடி. முப்பது குடம் பிடிக்கும். கூரையிலிருந்து தொட்டிக்குக் குழாய் இழுத்தது சித்தி.

அன்று வாட்ச்மேன் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால், தொட்டிக்குப் பக்கத்தில் தடிமனாக இன்னொரு குழாய் நேராக நின்றுகொண்டிருந்தது. அடிப்பக்கம் மூடி போட்டிருந்தது.

"இது எதுக்குடா?" என்று தம்பியிடம் கேட்டாள். அவன் பெயர் பொடியன். வயது ஆறு. சித்தி வேலை செய்யும்போது கூடவே நின்றவன்.

"இதுவா? இதுக்குப் பேரு அழுக்குக் குழாய்" என்றான் பொடியன், ஏதோ அவனே மாட்டியதுபோல. "மழை வந்ததும் கூரையில இருக்கிற தூசி, கரி, புறா எச்சம் எல்லாம் முதல்ல ஓடி வரும்ல? அது நேரா இதுக்குள்ள விழுந்துடும். உள்ள ஒரு பந்து இருக்கு. தண்ணி ஏற ஏற பந்தும் ஏறும். மேல போய் ஓட்டையைப் பொத்திக்கும். அப்புறம் வர்ற நல்ல தண்ணி எல்லாம் தொட்டிக்குப் போயிடும்!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ்வளவுதான்."

அவ்வளவு இல்லை. சித்தி இன்னும் ஒன்று சொல்லியிருந்தாள். ஆனால் பந்து வரைக்கும் கேட்டுவிட்டுப் பொடியன் விளையாட ஓடிவிட்டான்.

இரண்டு நாளில் மழை வந்தது. நன்றாகவே வந்தது. விட்டதும் சித்தி தொட்டி மூடியைத் திறந்தாள். அடியில் கிடந்த சின்னக் கல்கூடத் தெரிந்தது. அவ்வளவு தெளிவு.

"அடேயப்பா! இஞ்சினியரம்மா, நீ ஆளுதான்!" என்றார் அப்பா.

"இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே மாமா" என்றாள் சித்தி. முகமெல்லாம் பல்.

எதிர்வீட்டு ரொட்டிக்காரரும் வந்து எட்டிப் பார்த்தார். தெருவிலேயே பெரிய கூரை அவருடைய ரொட்டிக் கடைக்குத்தான். மாவு பிசைய நாள்தோறும் தண்ணீர் விலைக்கு வாங்குகிறவர். எதையும் சட்டென்று நம்பாதவர். தன் கடை ரொட்டியையே ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் விற்பார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு மழை போதாதும்மா. அடுத்த மழைக்கும் இப்படியே இருந்தா, என் கூரை வேலையும் உனக்குத்தான்" என்றார்.

அவர் போனதும் சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அந்த ஒரு கூரை கிடைச்சாப் போதும். தெருவே என்னைக் கூப்பிடும். கிடைக்கலைன்னா மறுபடியும் ஆலைக்குத்தான் போகணும். அந்த ஊசிச் சத்தத்தை நினைச்சாலே தலை வலிக்குது."

வாட்ச்மேன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ராத்திரி முழுக்கத் தூறல் விடவில்லை. மறுநாள் காலையில்தான் அவள் அதைப் பார்த்தாள். அழுக்குக் குழாயின் அடிமூடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டொக். டொக். டொக்.

அவளுக்குப் பகீர் என்றது. சித்தி மாட்டிய குழாய் ஒழுகுகிறது! ரொட்டிக்காரர் பார்த்தால் என்ன ஆகும்? "ஒரு மூடியைக்கூட ஒழுங்கா மாட்டத் தெரியலை" என்று சொல்லிவிடமாட்டாரா? சித்தியிடம் சொல்லலாம் என்றால், அவள் குழாய் வேலைப் பரீட்சைக்காக அன்று விடிகாலையிலேயே வெளியூர் போயிருந்தாள். திரும்ப ஐந்தாறு நாளாகும். வந்த பிறகு சொன்னாலும், முதல் வேலையே ஒழுகுகிறது என்று கேட்டால் அவள் மனசு என்ன பாடுபடும்?

யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடுவதுதான் நல்லது என்று முடிவு செய்தாள்.

அப்பாவின் துவைக்கிற சோப்பில் கொஞ்சம் கிள்ளி, ஈரக் கையால் பிசைந்து, மூடியில் இருந்த ஓட்டையில் அப்பினாள். அதன்மேல் ஒரு ரப்பர் துண்டு. பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றி முடிச்சுப் போட்டாள். ஒழுகுகிற குடத்தையும் வாளியையும் அப்படித்தான் அந்த வீட்டில் அடைப்பார்கள். அவளுக்குக் கை வந்த வேலை.

டொக் சத்தம் நின்றது. ஓட்டை வாளி ஒன்றை முன்னால் நிறுத்தி மறைத்தாள். அப்பா குனிய மாட்டார். அம்மா இருட்டிய பிறகுதான் வருவாள். யாரும் பார்க்கவில்லை.

அன்று முழுக்க அவள் ஒரு பெரிய உதவி செய்துவிட்ட சந்தோஷத்தில் திரிந்தாள்.

ஆறு நாள் வெயில் காய்ந்தது. ரொட்டிக் கடைப் புகைபோக்கியின் கரியும் காற்றில் வந்த தூசியும் கூரையில் படிந்தன. ஏழாம் நாள், சித்தி ஊரிலிருந்து வந்து சேர்ந்த அன்றைக்கே, மத்தியானம் மழை கொட்டியது.

மழை விட்டதும் ரொட்டிக்காரர் சொன்னபடி வந்துவிட்டார். கையோடு ஒரு கண்ணாடித் தம்ளரும் கொண்டுவந்திருந்தார். சித்தி பெருமையாகத் தொட்டி மூடியைத் திறந்தாள்.

தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது.

ரொட்டிக்காரர் ஒரு தம்ளர் மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு சின்ன இறகு சுற்றிச் சுற்றி வந்தது.

"இதுல மாவு பிசைஞ்சா ரொட்டி பறந்து போயிடும் போலிருக்கே" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் அதைப் புரிந்துகொண்டு, "சரிம்மா, பார்க்கலாம்" என்று தம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போனார். 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று பொடியனுக்குக்கூடத் தெரியும்.

 சித்தி ஏணியைப் போட்டுக் கூரையில் ஏறினாள். தகடு தகடாகத் தட்டிப் பார்த்தாள். மேல் குழாயைப் பிரித்துப் பார்த்தாள். "எல்லாம் சரியாத்தானே இருக்கு... எல்லாம் சரியாத்தானே இருக்கு..." என்று முனகியபடியே இருந்தாள்.

கீழே அப்பா, கூரையோரம் வழிந்த அழுக்குத் தண்ணீர் பட்டுப் பழுப்பாகிவிட்ட மூன்று விரிப்புகளை லாரித் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். அலசிய அழுக்குத் தண்ணீர் ஓர் அகலமான வாளியில் விளிம்பு வரை நின்றது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று பொடியன் இன்னொரு வாளி அழுக்குத் தண்ணீரைத் தூக்கிவந்து அதிலேயே ஊற்றினான். அத்தனையும் வழிந்து தரையெல்லாம் ஓடியது. அப்பாவின் கால், செருப்பு, சுத்தமாக மடித்து வைத்திருந்த விரிப்பு, எதையும் விடவில்லை.

"டேய்! நிரம்பி நிக்குது, கண்ணு தெரியலையா?" என்று கத்தினார் அப்பா. "முதல்ல உள்ள இருக்கிறதைக் கொட்டணும். அப்புறம்தான்டா புதுசா ஊத்தணும்!"

வாட்ச்மேன் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே இருப்பதைக் கொட்டினால்தான் புதிதாக ஊற்ற முடியும்.

போன மழையில் அழுக்குக் குழாய் நிரம்பியது. அது எப்போது காலியானது? எப்படிக் காலியாகும்? அவள்தான் ஒரு சொட்டுகூடப் போகாமல் அடைத்துவிட்டாளே! ஆறு நாளும் அது நிரம்பியே நின்றிருக்கிறது. பந்து மேலேயே உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கு வந்த அழுக்குக்கு உள்ளே இடமில்லை. நேராகத் தொட்டிக்குப் போய்விட்டது.

அது ஒழுகல் இல்லை. சித்தி வேண்டுமென்றே வைத்த ஓட்டை.

 ஓடிப்போய் டியூபை அவிழ்த்து எறிந்துவிட்டால்? யாருக்கும் தெரியாது. அடுத்த மழைக்குத் தொட்டி தானாகத் தெளிந்துவிடும். ஆனால் கூரைமேல் சித்தி இன்னும் "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். 

அவள் ஏணியடிக்குப் போனாள்.

"சித்தி, கீழ இறங்குங்க."

"இரும்மா, வேலையா இருக்கேன்."

"மேல ஒண்ணும் இல்லை சித்தி. தப்பு கீழதான் இருக்கு. நான்தான் பண்ணினேன்."

சித்தி இறங்கிவந்தாள். வாட்ச்மேன் ஓட்டை வாளியை நகர்த்திக் காட்டினாள். சித்தி மண்டியிட்டுப் பார்த்தாள். சுற்றியிருந்த டியூபைத் தொட்டாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

"எதுக்குடி இப்படிப் பண்ணினே?"

"சொட்டிச்சு சித்தி. நீங்க மாட்டினது ஒழுகுதுன்னு நினைச்சேன். அவரு பார்த்தா உங்களுக்கு அசிங்கமாயிடுமேன்னு..."  அவள் மூக்கை உறிஞ்சினாள்.

சித்தி பல்லைக் கடித்தாள். கோபம் வந்து, பாதி வழியில் நின்று, வேறு பக்கமாகத் திரும்பியது. தன் தலையில் கைவைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஊசி முனையளவு ஓட்டை போட நான் அரை மணி நேரம் அளந்தேன். ஒரு நாள்ல குழாய் காலியாகணும்னு கணக்குப் போட்டு வச்சது. அதைப் போய்... சோப்பு, ரப்பர், டியூபு! மூணு கட்டு! அணைக்கட்டுக்குக்கூட இவ்வளவு காவல் கிடையாதுடி!"

"டேய் பொடியா, ஓட்டையைப் பத்தி நீ ஏன்டா சொல்லலை?" என்று வாட்ச்மேன் திரும்பினாள்.

"நான் பந்து வரைக்கும்தான் கேட்டேன்" என்றான் பொடியன் நியாயமாக.

டியூபை வெட்டி எடுத்ததும் கறுப்புத் தண்ணீர் மறுபடியும் சொட்டத் தொடங்கியது. டொக். டொக். வாட்ச்மேன் அந்த டியூபைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், தெருவைத் தாண்டி ரொட்டிக் கடைக்குள் போனாள்.

ரொட்டிக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க சித்தி சொல்லி அனுப்பினாங்களா?"

"இல்லை அங்கிள். நானாத்தான் வந்தேன்."

"பாசக்காரப் பொண்ணுதான். சித்திக்காகப் பழியைத் தூக்கித் தலையில வச்சிக்கிறே. ஆனா எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த மழையில தண்ணி தெளிவா இருந்தாலும், இன்னிக்கு மழையில கூரை கழுவிடுச்சு, அதனால தெளிவா இருக்குன்னுதானே நான் நினைப்பேன்?"

அவர் கேட்பதும் சரிதான். வாட்ச்மேன் சுற்றிலும் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் சாம்பல் குவிந்திருந்தது.

"அப்போ கூரையை அழுக்காக்கிடலாம் அங்கிள்."

"என்னது?"

"அடுத்த மழை வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, உங்க அடுப்புச் சாம்பலை எங்க கூரையில தூவிடுறோம். நீங்களே கூட நின்னு பாருங்க. அப்பவும் தொட்டித் தண்ணி தெளிவா இருந்தா சித்தியைக் கூப்பிடுவீங்களா?"

ரொட்டிக்காரர் அவளை ஒரு தரம் பார்த்தார். ரொட்டியை அமுக்கிப் பார்க்கும் அதே பார்வை.

"சரி" என்றார். "உங்க கூரை, உங்க இஷ்டம்."

வீட்டில் இதைச் சொன்னதும் அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னது, நம்ம கூரையில நாமளே சாம்பல் கொட்டணுமா? நான் துவைக்கிறது வெள்ளைத் துணிம்மா!"

சித்தி யோசித்தாள். மூன்று முறை விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். "கொட்ட வேண்டாம். மெல்லிசாத் தூவினா அழுக்குக் குழாய் தாங்கும்" என்றாள்.

இருட்டியதும் அம்மா வந்தாள். முழுக்கதையையும் நின்றபடியே கேட்டாள். கை கால் கழுவிக்கொண்டு ஒன்றுதான் சொன்னாள்: "தொட்டியைக் கெடுத்தது நீ. கழுவ வேண்டியதும் நீ."

அந்தப் பழுப்புத் தண்ணீரைத் தெருக்காரர்கள் கழிப்பறைக்கும் தரை கழுவவும் குடம் குடமாக எடுத்துப்போனார்கள். வாட்ச்மேன் காலித் தொட்டிக்குள் இறங்கி, தேங்காய் நாரால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்தாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. பாதி வேலையில் நிமிர்ந்து பார்த்தபோது, அம்மாவும் இன்னொரு நாரோடு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தாள்.

அழுக்குக் குழாய்க்கு அடியில் வாட்ச்மேன் ஒரு நல்ல வாளியை வைத்தாள். சொட்ட வேண்டும் என்றால் சொட்டட்டும். அதற்காக மண்ணில் விழ வேண்டுமா என்ன? மறுநாள் இரண்டு வாளி நிறைந்தது. அதை வைத்து வாசலைக் கழுவினாள். குழாயை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். டொங் என்றது. காலி.

மூன்றாம் நாள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே மேகம் திரண்டுவிட்டது. காற்றில் ஈர வாடை. வாட்ச்மேன் பையை வாசலில் வீசினாள்.

"சித்தி! மழை!"

சித்தி ஏணியில் பாதி ஏறியிருந்தாள். "சாம்பலைக் கொண்டா, ஓடு!"

வாட்ச்மேன் ரொட்டிக் கடைக்கு ஓடினாள். ரொட்டிக்காரர் மாவுக் கையோடு தகர டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அண்ணே, ரெண்டு கைப்பிடி போதும்!" என்று சித்தி மேலிருந்து கத்தினாள். "இது எங்க கூரை, உங்க குப்பைத்தொட்டி இல்லை!"

இரண்டு கைப்பிடி என்று பேசி, நான்கில் போய் முடிந்தது. சித்தி கூரை முழுக்கச் சீராகத் தூவி இறங்கவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது. அடுத்த நிமிடம் சடசடவென்று பிடித்துக்கொண்டது. எல்லாரும் வாசல் கூரைக்கடியில் ஒண்டிக்கொண்டார்கள். ரொட்டிக்காரரின் தலையில் சாம்பல், கையில் மாவு.

"அங்கிள், நீங்களே பாதி ரொட்டி ஆயிட்டீங்க" என்றான் பொடியன்.

கூரையோரத்திலிருந்து கரிய தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் சத்தம் கேட்டது. கடகட. கடகட. அழுக்குக் குழாய் நிரம்ப நிரம்ப, சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. வாட்ச்மேன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சித்தி நகத்தைக் கடித்தாள். உள்ளே பந்து போய் முட்டியிருக்க வேண்டும், சட்டென்று ஓசை மாறியது. தொட்டிக்குள் தண்ணீர் விழத் தொடங்கியது.

மழை விடும்வரை யாரும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

விட்டதும் ரொட்டிக்காரர்தான் முதலில் போனார். மூடியைத் தானே தூக்கினார். தம்ளரில் மொண்டார். வெளிச்சத்தில் பிடித்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தம்ளருக்கு அப்பால் வாட்ச்மேனின் முன்பல் தெளிவாகத் தெரிந்தது.

கீழே வாளியில் மை போலக் கறுப்பாக ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அதையும் குனிந்து பார்த்தார்.

"என் அடுப்பு முழுக்க இங்கதான் இருக்கு" என்றார்.

பிறகு அப்பாவிடம் திரும்பினார். "ஒரு குடம் குடுங்க. மாவு பாதியில நிக்குது."

குடத்தை அவரே நிரப்பி, அவரே தோளில் தூக்கிக்கொண்டார். படியில் இறங்கும்போது நின்றார்.

"நாளைக்குக் காலையில வந்து என் கூரையை அளந்துடும்மா."

 சித்தி உள்ளே ஓடினாள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, ஏணியின் ஒரு முனையைத் தோளில் போட்டாள். மறுமுனையை வாட்ச்மேன் பிடித்துக்கொண்டாள்.

"காலையில என்னத்துக்கு அண்ணே?" என்றாள் சித்தி. "இன்னும் வெளிச்சம் இருக்கே!"